மொழியில் தமிழ், உடைமையில் மிதாட்சரமா?

தமிழில் அயற்சொல் ஒன்று புகுந்தாலும் பதறுகின்ற தமிழர் பலருளர். பிள்ளைக்கு வடமொழிப் பெயரிட்டவனை நேரிற் கண்டு கடிந்துரைப்பர். பார்ப்பானை வைத்து மணம் நடத்துகின்றவன் வீட்டுப் பந்தலில் கால் வைக்கவும் மறுப்பர். அப்பதற்றம் வேண்டுவதே, அதனை எள்ளி நகையாடுவார்க்கு இவ்வேட்டில் இடமில்லை. ஆனால் அதே தமிழர், தந்தை இறந்து பதினாறு நாள் கழிந்தவுடன் என்ன செய்கின்றார்? ஆவண எழுத்தரைத் தேடிப்போய் 'விடுதலை ஆவணம்' ஒன்று எழுதச் சொல்கின்றார். உடன்பிறந்த பெண்களை வண்டி வைத்து அழைத்து வந்து, சார்பதிவாளர் முன் நிறுத்தி, 'எனக்குள்ள பங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தேன்' என்று ஒப்பமும் பெருவிரற் பதிவும் பெறுகின்றார். அன்று பகல் அவர்களுக்கு ஒரு வேளைச் சோறும் ஆளுக்கொரு புடைவையும் கொடுத்து அனுப்பிவிடுகின்றார். அப்புடைவையின் விலையையும் கருமாதிச் செலவோடு சேர்த்தெழுதி வைக்கும் வீடுகளும் உண்டு என்பது தனிச்செய்தி.

அவ்வாவணத்தில் ஒரு வடசொல்லும் இல்லாதிருக்கலாம். நல்ல தமிழிலேயே எழுதப்பட்டிருக்கலாம். ஆயினும் அதன் ஒவ்வொரு வரியிலும் பேசுவது வடநூற் சட்டமே. சொல்லிலிருந்து துரத்தப்பட்ட ஆரியம் சொத்தில் வந்து அமர்ந்துகொண்டு, அண்ணன் தம்பியர்க்குப் பங்கு பிரித்துக் கொடுக்கின்றது.

மிதாட்சரம் என்பது ஒரு நூல். அது தமிழில் எழுந்ததன்று, தமிழ்நாட்டில் எழுந்ததுமன்று. மேலைச் சாளுக்கிய வேந்தன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் கலியாணபுரத்தில் வாழ்ந்த விஞ்ஞானேசுவரர் என்பார், யாக்கியவல்கியர் பெயரால் வழங்கும் வடமொழி நூலுக்கு எழுதிய உரை அது. முன்னோர்வழிச் சொத்தில் மகனுக்குப் பிறந்தவுடனே பங்குண்டு என்பதும், மகன், பேரன், கொட்பேரன் என ஆண்வழி வருவாரே அக்கூட்டுடைமைக்கு உரியர் என்பதும் அவ்வழி வளர்ந்த கொள்கைகள். அதே வீட்டிற் பிறந்த பெண்ணுக்குப் பிறப்பினால் வருவது ஒன்றுமில்லை. மணமாகிப் போகும்வரை உண்ணலாம், உடுக்கலாம், அவ்வளவே. வங்காளத்தில் சீமூதவாகனர் எழுதிய தாயபாகமோ வேறு சொன்னது. தந்தை உயிரோடு உள்ளவரை மகனுக்கும் உரிமையில்லை என்றது. எனவே 'இந்துச் சட்டம்' என்று ஒன்று பன்னெடுங்காலமாய் எங்கும் ஒரேபடித்தாய் நின்றதென்பது வெறும் கதையே.

இவ்வுரைநூல் தமிழன் தலையில் எவ்வாறு ஏறிற்று? தஞ்சை உழவனும் மதுரைக் குயவனும் விஞ்ஞானேசுவரரைப் படித்தா தங்கள் வயலைப் பங்கிட்டுக் கொண்டனர்? ஏற்றிவைத்தவன் வெள்ளைக்காரன். 1772இல் வாரன் ஏசுடிங்சு வங்காளத்திற்கு வகுத்த ஆட்சிமுறையில், இந்துக்களின் மரபுரிமை வழக்குகளைச் சாத்திரப்படி தீர்க்கவேண்டும் என்று விதித்தான். அம்முறை பிற மாநிலங்களுக்கும் பரவிற்று. வழக்குமன்றந்தோறும் பண்டிதர் என்னும் பெயரில் பார்ப்பனர் அமர்த்தப்பட்டனர். அவர் சொன்னதே எல்லார்க்கும் சட்டமாயிற்று. 1864இல் பண்டிதர் பதவி நீக்கப்பட்டது. அதற்குள் அவர்கள் சொன்னவையெல்லாம் தீர்ப்பேடுகளில் ஏறிச் சட்டமாய் இறுகிவிட்டன. நூலைவிட மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறே வலிது என்று 1868இல் இராமநாதபுர வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் கூறியது உண்மைதான். ஆனால் தன் வழக்காற்றை மெய்ப்பிக்கும் சுமை தமிழன் மேலும், சுமையின்றி ஆளும் உரிமை வடநூல் மேலும் ஏற்றப்பட்டிருந்தன.

இதனைத் தமிழ்ப் பற்றால் மிகைபடக் கூறியது என்று எண்ணுவார் ஓர் ஆங்கிலேயன் எழுதியதைக் காண்க. மதுரை நாட்டைப் பற்றி 1868இல் பெருநூல் எழுதியவர் சே. எச். நெல்சன்; வழக்குமன்ற நடுவராகவும் இருந்தவர். சென்னை மாநிலத்து மக்களுள் பெரும்பாலார்க்கு வடமொழிச் சட்டநூல்கள் ஒருகாலும் சட்டமாய் இருந்ததில்லை, வழக்குமன்றங்களே அவற்றை அவர்கள்மேல் திணித்தன என்று 1877இல் ஒரு நூலெழுதிக் கண்டித்தார். தமிழனுக்காக ஆங்கிலேயன் ஒருவன் வழக்காடினான். தமிழனோ வாய் திறக்கவில்லை. ஏன் திறப்பான்? அச்சட்டத்தால் அவன் இழந்தது ஒன்றுமில்லை. இழந்தவள் அவன் உடன்பிறந்தாள்.

பழந்தமிழர் எல்லாம் மகளுக்கும் மகனுக்கும் நிகராகப் பங்கிட்டனர் என்று சொல்லி மழுப்புதலும் வேண்டா. அதற்குச் சான்றில்லை. 'பங்காளி' என்பது தூய தமிழ்ச்சொல்லே. பங்கை ஆள்பவன் என்பது அதன் பொருள். அச்சொல்லுக்குள் பெண் இல்லை. ஆனால் மகளுக்கு நிலமே கூடாது என்பதும் தமிழ் வழக்கன்று. மகளுக்கு மணத்தின்போது கொடுக்கும் நிலத்திற்கு 'மஞ்சட்காணி' என்று தமிழில் தனிப்பெயரே உண்டு. காணி என்றால் நிலவுரிமை. தட்டுமுட்டும் பாத்திரமும் அல்ல. 1707இல் ஒல்லாந்தர் எழுதுவித்த யாழ்ப்பாணத் தேசவழமையில், தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் செல்லும் பழைய முறை பதிவாகியுள்ளது. அங்கே சீதனம் என்பது வீடும் வயலும் தோட்டமுமாகும். அது கணவன் உடைமையோடு கரைந்து போவதில்லை. கணவன் இசைவின்றி அவள் அந்நிலத்தை விற்கவியலாது என்னும் தளை அங்கும் உண்டு. சீதனம் பெற்றவள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கு கேட்கவும் இயலாது. நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியும் அப்படித்தான். கால்வழி பெண்ணால் வந்தாலும், திறவுகோல் காரணவன் இடுப்பில் தொங்கியது. குறையுள்ளவைதாம். எனினும் மகள் கையில் மண் சேரலாகாது என்று அவை சொல்லவில்லை.

அயலார் ஏற்றிய அச்சட்டம் இறங்கிய கதை நெடிது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் தன்மான இயக்க மாநாடு, பெண்களுக்கு ஆண்களோடு ஒத்த சொத்துரிமை வேண்டும் என்று முடிவு செய்தது. நாட்டின் ஆட்சியாளர் காதில் அது விழ நெடுங்காலம் ஆயிற்று. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கை அவள் வாழ்நாள் வரை மட்டும் துய்க்கக் கொடுத்தது. விற்கவும் எழுதிவைக்கவும் கொடுக்கவில்லை. வேளாண் நிலத்திற்கு அது சென்னை மாநிலத்தில் விரிந்தது 1947இல்தான். மகளைப் பற்றி அச்சட்டம் பேசவேயில்லை. பின்னர் அம்பேத்கர் கொணர்ந்த இந்துச் சட்டத் தொகுப்பு மிதாட்சரக் கூட்டுடைமையையே வேரோடு நீக்க முனைந்தது. சனாதனிகள் குதித்தனர், காங்கிரசார் பின்வாங்கினர், 1951இல் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்து வெளியேறினார். 1956இல் நிறைவேறிய இந்து மரபுரிமைச் சட்டம் மகளை முதல் வகுப்பு உரிமையர் ஆக்கிற்று. கைம்பெண்ணின் வரம்புள்ள உரிமையை முழு உரிமையாக்கிற்று. கூட்டுடைமையை மட்டும் கைவைக்காமல் விட்டது. அவ்விடுகையின் விலை என்ன என்பதை ஒரு கணக்கால் அறியலாம்.

6 ஏக்கர் முன்னோர்வழி நன்செய் உள்ள ஒரு வீடு. தந்தை, தாய், ஒரு மகன், ஒரு மகள். தந்தை உயில் எழுதாது இறக்கின்றார். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர் இறப்பதற்குச் சற்றுமுன் பங்கு பிரித்ததாகக் கொள்ளவேண்டும். மகனுக்கு 3 ஏக்கர், தந்தைக்கு 3 ஏக்கர். தந்தையின் 3 மட்டுமே தாய், மகன், மகள் மூவர்க்கும் ஒவ்வொன்றாகப் பிரியும். முடிவில் மகனுக்கு 4, மகளுக்கு 1. ஒரே வயிற்றிற் பிறந்த இருவர்! இத்தோடும் நிற்கவில்லை. அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆண்மக்கள் விரும்பிப் பிரித்தாலன்றி மகள் குடியிருப்பு வீட்டில் பங்கு பிரிக்கக் கேட்கலாகாது என்று தடுத்தது. அவள் பிறந்த வீட்டுச் சுவரில் அவளுக்கு ஒரு செங்கல்லும் இல்லை என்பதற்கு நாடாளுமன்றம் இட்ட முத்திரை அது.

ஆந்திரம் 1985லும் தமிழ்நாடு 1989லும் இக்கோணலை நிமிர்த்த முற்பட்டன. 1989 மார்ச்சு 25 முதல் தமிழ்நாட்டில் மகளும் பிறப்பினால் கூட்டுப் பங்குரிமையர் ஆனாள். ஆனால் அந்நாளுக்கு முன் மணமானவள் விலக்கப்பட்டாள். ஒரே வீட்டில் மூத்தவளுக்கு இல்லை, இளையவளுக்கு உண்டு. இடையில் நின்றது ஒரு தாலிக்கயிறு. 2005 செப்தம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த நடுவணரசின் திருத்தம் அவ்விலக்கையும் 23ஆம் பிரிவையும் நீக்கிற்று. 2004 திசம்பர் 20க்கு முன் பதிவாவணத்தாலோ வழக்குமன்ற ஆணையாலோ முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் அது தொடவில்லை. அதன் பின்னும் தந்தை 2005இல் உயிரோடு இருந்தாரா என்று கேட்டுக் கேட்டு மகளிரை வழக்குமன்றப் படிகளில் அலைக்கழித்தனர். அவ்வலைச்சலுக்கு உச்ச நயன்மன்றம் 2020 ஆகத்து 11இல் முற்றுப்புள்ளி இட்டது. மகளின் உரிமை பிறப்பினால் வருவது. தந்தை அந்நாளில் உயிரோடு இருந்திருக்க வேண்டுவதில்லை. 'எப்போதோ வாயளவில் பங்கு பிரித்துவிட்டோம்' என்னும் சொல்லும் பொது ஆவணங்களின் சான்றின்றி எளிதில் எடுபடாது என்றும் கூறிற்று.

ஆக, ஏட்டளவில் மிதாட்சரம் மகளைப் பொறுத்தவரை வீழ்ந்துவிட்டது. எந்த நாட்டரசும் எந்தப் பண்டிதனும் இன்று தமிழ்ப்பெண்ணின் பங்கைத் தடுக்கவில்லை. தடுக்கின்றவன் தமிழன். அவன் கையில் உள்ள கருவி அந்த விடுதலை ஆவணம்.

அவன் சொல்லும் முதற் போக்குச் சொல், 'நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோமே. அதுவே அவள் பங்கு' என்பது. மணமகன் வீட்டார் கேட்டுப் பெற்றதாயின் அது 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குற்றத்திற்குச் செலவிட்டதைப் பங்குக் கணக்கில் வரவு வைக்க முடியாது. கேளாமலே விரும்பிக் கொடுத்ததாயின் அது கொடை, கொடை பங்காகாது. மகனைப் படிக்கவைத்த செலவை, அவனுக்குக் கடை வைத்துக் கொடுத்த முதலை, அவன் திருமணச் செலவை எவரேனும் அவன் பங்கிற் கழித்ததுண்டா? மேலும் அந்த நகை எங்கே? பெரும்பாலும் அவள் கணவன் வீட்டு நாத்தனார் திருமணத்திற்கு அடகு வைக்கப்பட்டு மூழ்கிப் போயிருக்கும். நிலம் மூழ்காது. அதனால்தான் மகனுக்கு நிலமும் மகளுக்கு நகையும் ஒதுக்கப்பட்டன.

'நிலம் துண்டு துண்டாகிப் போகும்' என்பர் வேறு சிலர். நான்கு ஆண்மக்கள் நான்காகப் பிரிக்கும்போது துண்டாகாத நிலம், ஐந்தாவதாக ஒரு பெண் கைநீட்டும்போது மட்டும் துண்டாகின்றதாம்! 'அவள் கணவன் கைக்குப் போய்விடும்' என்பது மற்றொன்று. இவர் பங்கு இவர் மனைவி வீட்டாரின் அறிவுரைப்படி விற்கப்படும்போது எவரும் அப்படிச் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் தாண்டி நிற்பது ஓர் அச்சுறுத்தல். 'பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறும்' என்பது அது. நாளை அவள் மகளுக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வர ஆளிராது. பொங்கல் வரிசை வராது. கணவன் அடித்து விரட்டினால் வந்து தங்க ஒரு திண்ணை இராது. இவ்வச்சத்தால்தான் அவள் ஒப்பமிடுகின்றாள். 'மனமுவந்து' என்று ஆவணத்தில் எழுதியிருப்பது பொய். சட்டம் அவளுக்குத் தந்த நிலத்தை, அண்ணன் என்னும் உறவை வாடகைக்கு விட்டு அவளிடமிருந்து வாங்கிக்கொள்கின்றான். ஆண்டுக்கொரு முறை ஒரு புடைவையும் ஒரு கரும்புக் கட்டும் அவ்வாடகைக்கு ஈடு. உறவு உண்மையாயின் பங்கு பிரித்த பின்னும் நிற்கும். அண்ணன் தம்பியர் பங்கு பிரித்துக்கொண்டு உறவாடவில்லையா?

ஒப்பமிடாத பெண்ணை ஊர் தூற்றும். அவள் மாமியாரும் தூற்றுவாள். ஆனால் அதே மாமியார் தன் மருமகளிடம், 'உன் பிறந்த வீட்டில் கேட்டு வாங்கி வா' என்றும் சொல்வாள். மகளாய் இருந்தபோது இழந்ததை மாமியாராய் மீட்கப் பார்க்கின்றாள். இருவர்க்கும் இடையில் நிலமோ ஆண்களின் பெயரிலேயே நின்றுகொண்டிருக்கின்றது.

மருமகளின் நிலை இதனினும் இழிவானது. மகளைப் பற்றிப் பேசுவோரும் இவளைப் பற்றிப் பேசுவதில்லை. கணவன் உயிரோடு உள்ளவரை அவனுடைய முன்னோர்வழிச் சொத்தில் அவளுக்கு எப்பங்கும் இல்லை. முப்பதாண்டு அந்நிலத்தில் நாற்று நட்டாலும், அவ்வீட்டு மாட்டுத் தொழுவத்தில் சாணம் அள்ளினாலும், மாமனாரைப் படுக்கையில் கிடத்திப் பேணினாலும் இல்லை. தந்தையும் மகன்களும் பங்கு பிரித்துக்கொள்ளும்போது மனைவிக்கும் ஒரு பங்கு ஒதுக்கும் முறையை மிதாட்சரம் கூடச் சொன்னது. தென்னாட்டில் அது வழக்கிழந்தது என்று வழக்குமன்றங்கள் தள்ளிவிட்டன. வடநூலில் பெண்ணுக்குச் சார்பாய் இருந்த ஒன்றிரண்டும் இங்கு வரவில்லை. சார்பற்றவை மட்டும் வந்தன.

முன்சொன்ன 6 ஏக்கர்க் கணக்கை 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மீண்டும் போட்டுப் பார்க்க. இப்போது தந்தை, மகன், மகள் மூவர்க்கும் இரண்டிரண்டு ஏக்கர். தந்தையின் 2 ஏக்கர் தாய், மகன், மகள் மூவர்க்கும் பிரியும். மகனுக்கு 2⅔, மகளுக்கும் 2⅔. நன்று. தாய்க்கு? வெறும் ⅔ ஏக்கர். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1 ஏக்கர் பெற்றவள், மகளிர்க்கு உரிமை வழங்கிய திருத்தத்தால் அதிலும் மூன்றில் ஒன்றை இழக்கின்றாள். அத்தாய் யார்? அவ்வீட்டிற்கு மருமகளாய் வந்தவள். அவள் பிறந்த வீட்டிலோ விடுதலை ஆவணத்தில் ஒப்பமிட்டுவிட்டு வந்திருக்கின்றாள். வந்த வீட்டில் பிறப்புரிமை இல்லை; பிறந்த வீட்டில் இருந்த உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். இரண்டு வீட்டு நிலத்திலும் உழைத்தவள் கைக்கு எஞ்சுவது, இறந்த கணவன் பங்கின் ஒரு கூறு.

அவள் தானே ஈட்டினால்? அதிலும் புகுந்த வீடு கைவைக்கும். மகப்பேறும் கணவனும் இல்லாத பெண் உயில் எழுதாது இறந்தால், அவள் சொத்து அவளைப் பெற்ற தாய் தந்தையர்க்குப் போகுமுன் கணவனின் உரிமையர்க்குப் போகும் என்கின்றது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. மணமாகி மூன்று திங்களில் கணவனை இழந்து, கணவன் வீட்டாரால் துரத்தப்பட்டு, பெற்றோர் படிக்கவைக்க வேலைக்குப் போய்ப் பொருள் சேர்த்த ஒரு பெண்ணின் சொத்து, அவளைத் துரத்திய அக்குடும்பத்தார்க்கே உரியது என்று 2009இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் அப்படி இருக்கையில் வேறு செய்வதற்கில்லை என்றனர் நடுவர்கள். அதற்கு முந்தைய ஆண்டே சட்ட ஆணையம் அப்பிரிவைத் திருத்தச் சொல்லியிருந்தது. எவரும் திருத்தவில்லை.

இருளில் ஒரு கீற்றாக வந்தது 2023 சூன் 21இல் சென்னை உயர்நயன்மன்றம் அளித்த ஒரு தீர்ப்பு. வீட்டு வேலை முழுவதையும் மனைவி சுமந்ததால்தான் கணவன் வெளியே சென்று ஈட்ட முடிந்தது. ஆகவே அவ்வீட்டத்தால் வாங்கிய சொத்தில் அவளுக்கும் ஒத்த பங்குண்டு என்றது. தீர்ப்பு கணவன் ஈட்டிய சொத்தைப் பற்றியது. முன்னோர்வழி நிலத்தைப் பற்றியதன்று. எனினும், உழைப்பும் உடைமைக்கு ஒரு வழி என்று அது ஒப்பியிருப்பது சிறிதன்று.

கேரளம் 1975இல் சட்டம் இயற்றி இந்துக் கூட்டுக்குடும்பத்தையே கலைத்தது. பிறப்புரிமை என்பதையே எடுத்துவிட்டது. தமிழ்நாடு அதனைச் செய்வதற்குத் தடை என்ன? மரபுரிமையை நடுவணரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டமியற்றத்தக்க பொதுப்பட்டியலில்தான் அரசமைப்பு வைத்திருக்கின்றது. 1989இல் தமிழ்நாடு நடுவணரசை முந்திக்கொண்டது அவ்வுரிமையால்தான். மிதாட்சரக் கூட்டுடைமையை முற்றாக ஒழித்து, மகன், மகள், மனைவி மூவர்க்கும் ஒரே பங்கு, மணவாழ்வில் உழைத்துச் சேர்த்ததில் மனைவிக்குப் பாதி என்று வகுத்தால், தமிழ்நாட்டில் விஞ்ஞானேசுவரர்க்கு வேலையில்லை. உயிலாலும் கொடையாவணத்தாலும் மகளையும் மனைவியையும் முற்றாக விலக்கும் தந்தையின் கைக்கும் ஒரு வரம்பு கட்டவேண்டும். மகளுக்குச் சட்டம் கொடுப்பதை அறிந்த தந்தையர் பலர் இப்போது உயிரோடு இருக்கும்போதே மகன் பெயருக்கு எழுதிவிடுகின்றனர். விடுதலை ஆவணம் பதிவாகும்போது, விடப்படும் பங்கின் அளவும் விலையும் அப்பெண்ணுக்குத் தனியே படித்துக் காட்டப்படவேண்டும். உடன்பிறந்தான் அறைக்கு வெளியே நிற்கவேண்டும்.

அதுவரை தமிழ் உணர்வாளர் காத்திருக்க வேண்டுவதில்லை. தூய தமிழ்ப் பெயர் தாங்கிய தங்கைக்குத் தூய தமிழன் பங்கு கொடுப்பதற்கு எந்தச் சட்டமன்றமும் கூடவேண்டியதில்லை. கொடாதவன் மணவோலையில் எத்துணைத் தனித்தமிழ் எழுதினாலும், அவன் வீட்டுப் பட்டாவைப் படித்தால் அவன் எந்த மொழியில் வாழ்கின்றான் என்பது தெரிந்துவிடும்.

பெண்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பதிவு செய்து கொடுத்த விடுதலை ஆவணம் முழு வலிமையுடையது. 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதனை அழிக்காது. ஏமாற்றியோ அச்சுறுத்தியோ பெற்றதென்று அதனை நீக்கக் கோரி வழக்கிடுவதற்குக் காலவரம்புச் சட்டம் தருவது, உண்மை தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். ஒப்பமிடாத பெண்ணுக்கு அவ்வழக்கே வேண்டியதில்லை.